பிரிட்டிஷ் காலனிகளின் நிலுவை அஞ்சல்தலைகள்: அபராதமா, கணக்குச் சீட்டா?

#1 உறைப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள இரண்டு உறைகளைப் பற்றி ஒரு கேள்வி. இரண்டும் 1938ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, ஒரே குடும்பத்தாருக்குள் போய்வந்த கடிதங்கள். முதலாவது இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பினாங்குக்குப் போனது. ஒட்டியிருந்த இந்தியத் தலையின் மதிப்பு போதாததால் முகப்பில் ‘டி’ (T) என்ற எழுத்து முத்திரையாக அடிக்கப்பட்டிருக்கிறது. பினாங்கு போய்ச் சேர்ந்ததும் மலாயா அஞ்சல் ஒன்றியத்தின் 8 சென்ட் நிலுவைத் தலை (பெறுநரிடம் வசூலிக்க வேண்டிய தொகையைக் காட்ட அஞ்சலகமே ஒட்டும் தலை) ஒன்றை ஒட்டி, அதன் மேல் அவ்வூர் முத்திரையையும் அழுத்தமாக அடித்திருக்கிறார்கள். இரண்டாவது உறை அங்கிருந்து இங்கே வந்தது. அதுவும் கட்டணம் குறைந்த கடிதந்தான், அதிலும் ‘டி’ உண்டு. ஆனால் இங்கே நிலுவைத் தலை எதுவும் ஒட்டப்படவில்லை. வசூலிக்க வேண்டிய அணாக் கணக்கைக் காட்டும் கைமுத்திரையும், பென்சிலில் ஒரு சுழிப்பும் மட்டுமே இருக்கின்றன.

இரண்டு நாடுகளும் அப்போது ஒரே பேரரசின் கீழ் இருந்தவை. இந்தியா 1876இலும் பினாங்கு அடங்கிய மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள் 1877இலும் உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டதால், கட்டணம் குறைந்த கடிதத்துக்கான விதியும் இரண்டுக்கும் பொதுவானது. அப்படியிருக்க, ஓரிடத்தில் தலை ஒட்டி வசூலித்ததற்கும் மற்றோரிடத்தில் வெறும் முத்திரையோடு வசூலித்ததற்கும் என்ன காரணம்? நிலுவைத் தலை என்பது அபராதம் விதிக்கும் கருவியா, அல்லது வேறு எதற்காகவோ ஏற்பட்டதா? பட்டியல் நூல்கள் விலையைச் சொல்கின்றனவே தவிர, அலுவலகத்துக்குள் அது எப்படிக் கையாளப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

#2 கணக்குப்பிரிவு

தபால் துறைக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல விரும்புகிறேன். அபராதத்தை விதிப்பது நிலுவைத் தலை அல்ல, ‘டி’ முத்திரைதான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

நடைமுறை இப்படி இருந்தது. அனுப்பும் நாட்டின் அலுவலகம் கட்டணக் குறைவைக் கண்டறிந்து ‘டி’ அடித்து, தொகையைப் பிராங்க், சென்டைம் கணக்கில் குறிக்கும். அந்தக் கணக்கு எல்லா நாடுகளுக்கும் பொது அளவாக ஏற்கப்பட்டிருந்தது. சேரும் நாட்டின் பரிமாற்ற அலுவலகம் அதைத் தன் நாணயத்துக்கு மாற்றி, குறைவின் இரு மடங்கைப் பெறுநரிடம் வசூலிக்கும். ‘டி’ இல்லாமல் வந்த கடிதம், வெளிப்படையான தவறு இருந்தாலொழிய, முழுக் கட்டணம் செலுத்தியதாகவே கருதப்படும்.

எடுத்துக்காட்டாக 1899இல் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சென்ற ஒரு கடிதத்தை எண்ணிப் பாருங்கள். 1898 டிசம்பர் 25 முதல் பேரரசின் பல பகுதிகளுக்கு ஒரு பென்னிக் கட்டணம் நடைமுறைக்கு வந்திருந்தது, ஆனால் ஆஸ்திரேலியக் காலனிகள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. பேரரசு முழுவதற்கும் ஒரு பென்னி போதும் என்று நம்பி ஒருவர் ஒட்டியிருந்தால், உரிய 2½ பென்ஸில் 1½ பென்ஸ் குறைகிறது. அதன் இரு மடங்கு 3 பென்ஸ். 25 சென்டைம் 2½ பென்ஸுக்குச் சமமாக வைக்கப்பட்டிருந்ததால், பொது அளவில் இது 30 சென்டைம். நியூ சவுத் வேல்ஸ் 1891 ஜனவரி முதல் நிலுவைத் தலை வைத்திருந்த காலனி. ஆகவே சிட்னியில் 3 பென்ஸ் தலை ஒன்று அந்த உறையில் ஏறும்.

இனித் தலை எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வசூலான தொகை முழுவதும் வசூலித்த நாட்டுக்கே சொந்தம் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தை உருவாக்கிய 1874ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்திலிருந்தே இருந்த கோட்பாடு. ஆகவே அந்தப் பணத்துக்கு வெளிநாட்டிலிருந்து யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. அலுவலகத்துக்கு வெளியே, ஒரு வீட்டு வாசலில், தபால்காரர் கையில் சில்லறையாக விழும் பணம் அது. எழுத்தர் கூடுதலாகக் குறித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். தபால்காரர் வாங்கிய பணத்தைக் கட்டாமல் விடலாம். இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க எளிய வழி, அலுவலகத்தின் இருப்பில் எண்ணி வைக்கப்பட்ட ஒரு மதிப்புச் சீட்டைக் கடிதத்திலேயே ஒட்டிவிடுவதுதான். தலை ஒட்டிய கணத்திலேயே இருப்பில் அத்தனை பென்ஸ் குறைந்துவிடுகிறது; அதற்கு ஈடான பணம் பெட்டிக்கு வந்தே தீர வேண்டும். பெறுநருக்கும் தான் கொடுத்த தொகைக்கு முகப்பிலேயே சான்று கிடைத்துவிடுகிறது.

#3 பச்சைமலை

கணக்குப்பிரிவு ஐயா சொல்லும் நடைமுறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாக் காலனிகளுக்கும் அதே காரணத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதில் ஐயம் இருக்கிறது. பசிபிக் கடலிலுள்ள கில்பர்ட் எல்லிஸ் தீவுகளும் பிரிட்டிஷ் சாலமன் தீவுகளும் 1940இல் எட்டெட்டு மதிப்புகள் கொண்ட நிலுவைத் தலைத் தொகுதிகளை வெளியிட்டன, ஒரு பென்னியிலிருந்து ஒன்றரை ஷில்லிங் வரை. சிதறிக் கிடக்கும் பவழத் தீவுகளில் ஒன்றரை ஷில்லிங் நிலுவையோடு எத்தனை கடிதங்கள் வந்து இறங்கியிருக்கும்? ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள பசுட்டோலாந்தும் சுவாசிலாந்தும் 1933இல் ஆளுக்கு இரண்டு மதிப்புகள் வெளியிட்டன. அவை பயன்படுத்தப்படாத நிலையில் எங்கும் கிடைக்கின்றன, உண்மையாக அஞ்சலில் சென்ற உறையில் காண்பதோ அரிது. வட போர்னியோவைச் சொல்லவே வேண்டாம். அதை ஆண்ட வணிக நிறுவனம் 1895 முதல் சாதாரணத் தலைகளின் மேல் ‘போஸ்டேஜ் டியூ’ என்று மேலச்சு அடித்து, கோடுகளால் ஆன முத்திரையையும் தானே குத்தி, வியாபாரிகளுக்குக் கட்டுக்கட்டாக விற்றது. சேகரிப்பாளரின் பணத்தை நோக்கி அச்சிடப்பட்டவை இவை என்பது என் கருத்து. அலுவலகக் கட்டுப்பாடு என்ற காரணம் பெரிய துறைமுகங்களுக்குப் பொருந்தும்; இவற்றுக்குப் பொருந்தாது.

#4 நீர்க்குறி

பச்சைமலை அவர்கள் குறிப்பிட்டவற்றில் வட போர்னியோவை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். மற்றவற்றைப் பொறுத்தவரை, எந்தத் தொகுதி எங்கே அச்சானது என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும் என்று நினைக்கிறேன்.

லண்டனில் இருந்த கிரவுன் ஏஜென்ட்ஸ் அலுவலகம் பெரும்பாலான காலனிகளுக்காக டி லா ரூ போன்ற அச்சகங்களில் தலைகளை அச்சிட்டு வரவழைத்துக் கொடுத்தது. அந்த வழியில் வந்தவை அழகானவை, ஒரே மாதிரியானவை. ஆனால் பல காலனிகளின் முதல் நிலுவைத் தலைகள் அந்த வழியில் வரவில்லை. பிஜி 1917இல் சுவாவின் அரசு அச்சகத்தில் அச்செழுத்துகளைக் கோத்து அச்சிட்டுக்கொண்டது. மால்டா 1925 ஏப்ரல் 16 அன்று பத்து மதிப்புகளைத் துளைவரிசைகூட (தலைகளைக் கிழித்துப் பிரிப்பதற்கான ஓரத் துளைகள்) இல்லாமல் உள்ளூரிலேயே அச்சிட்டு வெளியிட்டது. மூன்று மாதங்கள் கழித்து, ஜூலை 20 அன்றுதான் மால்டாச் சிலுவை வடிவம் கொண்ட முறையான தொகுதி வந்தது. சான்சிபார் 1926 முதல் பயன்படுத்திய சீட்டுகளில் ‘முன்பணம் போதவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி, அதன் கீழ் நிலுவைத் தொகை, அவ்வளவுதான். பின்புறத்தில் பசைகூடக் கிடையாது. மதிப்புகளைப் பாருங்கள்: 18 சென்ட், 21 சென்ட், 31 சென்ட். சேகரிப்பாளரை ஈர்க்க நினைப்பவர் 31 சென்ட் என்று ஒரு தலையை ஏன் அச்சிட வேண்டும்? அஞ்சலகத்துக் கணக்கில் அப்படிப்பட்ட தொகைகள் வந்து விழுந்ததால்தான் அவை தேவைப்பட்டன.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட வலுவான சான்று கரீபியன் தீவான செயின்ட் லூசியா. 1930இல் காஸ்ட்ரீஸ் நகரின் அரசு அச்சகத்தில் எழுத்துக் கோத்து அச்சான அதன் 1 பென்னி, 2 பென்ஸ் தலைகளில், ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியே ஒரு வரிசை எண் கையால் அடிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண அஞ்சல்தலையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ரசீதுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளுக்கும் எண் இடுவதற்கு என்ன காரணமோ அதே காரணந்தான் இதற்கும். என்னிடம் உள்ள ஒரு தலையில் எண் சாய்ந்து, சட்டக் கோட்டைத் தாண்டி வெளியே விழுந்திருக்கிறது. அடித்தவர் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை, எண் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருக்கிறார்.

பார்படாஸையும் சேர்த்துக்கொள்ளலாம். 1934 ஜனவரியில் அங்கே 1 பென்னி நிலுவைத் தலை வந்தது. அரை பென்னித் தலை 1935 பிப்ரவரி வரை வந்து சேரவில்லை. இடைப்பட்ட காலத்தில் 1 பென்னித் தலையைப் பாதியாக வெட்டி அரை பென்னிக்கு ஒட்டலாம் என்று அதிகாரபூர்வமாக அனுமதித்தார்கள். சில பாதிகளின் குறுக்கே கறுப்பு மையிலோ சிவப்பு மையிலோ ‘½ பென்னி’ என்று கையால் எழுதியிருக்கிறார்கள். அரை பென்னி விட்டுப்போனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை, ஆனாலும் கணக்கில் அது நிற்க வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார்கள்.

#5 பச்சைமலை

செயின்ட் லூசியாவின் வரிசை எண்ணுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அது உறுதியான சான்று. அரசரின் தலையுருவம் இல்லாமல் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும் வடிவமைப்பும் நீங்கள் சொல்வதற்கே துணை நிற்கிறது. பசிபிக் தீவுகளைப் பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை. 1940இல் லண்டனிலிருந்து ஒரே அச்சில், ஒரே மதிப்புப் பட்டியலோடு இரண்டு தீவுக் கூட்டங்களுக்கும் போன தொகுதிகளை அந்தந்த அஞ்சலகங்களின் தேவை முடிவு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

#6 நீர்க்குறி

மையக் கொள்முதலால் தேவைக்கு மீறிய மதிப்புகள் வந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதிப்புப் பட்டியலை ஒருமுறை வகுத்துவிட்டால் அதையே அடுத்த காலனிக்கும் பயன்படுத்துவது லண்டன் அலுவலகத்துக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த மையக் கொள்முதல் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு நீர்க்குறிப் பிழைகளே (நீர்க்குறி என்பது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளம்) சாட்சி. 1950களின் தொடக்கத்தில் தாள் ஆலையில் நீர்க்குறி பதிக்கும் உருளையிலிருந்து ஓரிரு கிரீட வடிவங்கள் விழுந்துவிட்டன. அந்த இடம் சில தாள்களில் வெறுமையாக இருக்கிறது. பிறகு சரிசெய்தபோது வழக்கமான கிரீடத்துக்குப் பதில் செயின்ட் எட்வர்ட் கிரீடத்தை மாட்டிவிட்டார்கள். இந்த இரண்டு பிழைகளும் பசுட்டோலாந்து, சுவாசிலாந்து, கிரெனடா, செயின்ட் லூசியா, சீஷெல்ஸ் என்று ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத நாடுகளின் நிலுவைத் தலைகளில் ஒருசேரக் காணப்படுகின்றன. இத்தனை நாடுகளின் தேவையும் ஒரே தாள் இருப்பிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சாகியிருக்கிறது.

#7 உறைப்பெட்டி

மிக்க நன்றி. மலாயா உறையைப் பொறுத்தவரை எனக்கு விளங்கிவிட்டது. இந்திய உறையைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. கணக்குக் கட்டுப்பாடுதான் காரணம் என்றால், மற்ற எந்தக் காலனியையும்விட அதிகமான அஞ்சலகங்களையும் தபால்காரர்களையும் கொண்டிருந்த இந்தியாவுக்குத்தானே நிலுவைத் தலை முதலில் தேவைப்பட்டிருக்க வேண்டும்? பிரிட்டிஷ் இந்தியா கடைசி வரை ஒரு நிலுவைத் தலைகூட வெளியிடவில்லை, இலங்கையும் அப்படியே.

#8 கணக்குப்பிரிவு

நல்ல கேள்வி. நான் சொன்னதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்றும் இதுவே. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிரிட்டனே 1914 ஏப்ரல் 20 வரை நிலுவைத் தலை இல்லாமல்தான் அஞ்சல் நடத்தியது. டிரினிடாட் 1885 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது, ஆஸ்திரேலியக் காலனியான விக்டோரியா 1890இல், கனடா 1906இல். தாய்நாட்டு அலுவலகம் காலனிகளுக்குப் பின்னால் வந்த ஒரு விஷயம் இது. தலை இல்லாமலும் நிலுவையை வசூலிக்க முடியும் என்பதற்கு பிரிட்டனின் அந்த நீண்ட காலமே சான்று.

இந்தியாவில் அதற்கான வழி சட்டத்திலேயே இருந்தது. 1854 அக்டோபர் 1 முதல் ஒரே சீரான கட்டணம் வந்தபோதே, தலை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுநரிடம் இரு மடங்கு வாங்கும் முறையும் வந்துவிட்டது. நம் மக்கள் ‘பேரிங் தபால்’ என்று சொல்வது அதைத்தான். இங்கே அது பிழையால் மட்டும் நேர்ந்ததல்ல. பணம் வாங்க வேண்டியிருந்தால் தபால்காரர் கட்டாயம் தேடிவந்து கொடுப்பார் என்று நம்பி, வேண்டுமென்றே தலை ஒட்டாமல் போட்டவர்கள் ஏராளம். ஆக, மற்றக் காலனிகளில் அவ்வப்போது நேர்ந்த ஒன்று இங்கே அன்றாட வேலையாக இருந்தது.

2024இல் நீக்கப்பட்ட, 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கடிதத்தைப் பெற்றுக்கொள்ளும் பெறுநர் நிலுவையைச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்றது. உடனே பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை இருக்கவில்லை. அவர் மறுத்தாலோ, இறந்திருந்தாலோ, கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, பொறுப்பு அனுப்பியவருக்குத் திரும்பியது. பெறுநரைத் தொல்லைப்படுத்தும் தீய எண்ணத்தோடு அனுப்பப்பட்டது என்று தெரிந்தால் நிலுவையைத் தள்ளுபடி செய்யவும் அதே பிரிவு இடம் தந்தது. வேண்டாதவருக்கு பேரிங்கில் கடிதம் போட்டுக் காசு செலவழிக்க வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது என்பதை அந்த ஒரு வரியிலிருந்தே உணரலாம். உங்கள் கேள்விக்கு நேரடியான விடை 15ஆம் பிரிவில் இருந்தது: கடிதத்தின் மேல் நிலுவையைக் குறிக்கும் அலுவலக முத்திரையே, அந்தத் தொகை செலுத்தப்பட வேண்டியது என்பதற்கு முதல்நோக்குச் சான்றாக (மறுத்து நிரூபிக்காதவரை ஏற்கப்படும் சான்றாக) இருந்தது. அந்த நிலுவை இந்திய அஞ்சலகத்துக்கு உரியதாக இருந்தாலும், பிரிட்டனுக்கோ வேறு பிரிட்டிஷ் உடைமைக்கோ வெளிநாட்டுக்கோ உரியதாக இருந்தாலும் இதே விதிதான். சான்று என்ற தகுதியை முத்திரைக்கே சட்டம் கொடுத்துவிட்ட பிறகு, அதற்காக ஒரு தலை தேவைப்படவில்லை.

மீதமிருந்தது தபால்காரரின் கையிருப்புக் கட்டுப்பாடு. அதை இந்தியாவில் புத்தகம் செய்தது. காலையில் எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று தபால்காரர் பெயரில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மாலையில் பணமோ கடிதமோ, இரண்டில் ஒன்று திரும்பி வந்தாக வேண்டும். கடிதத்தை மறுத்துவிட்டால் இந்த முறையில் ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். தலை ஒட்டிய முறையில் அது அவ்வளவு எளிதல்ல: ஏற்கெனவே ஒட்டி முத்திரையும் குத்திய தலையின் மதிப்பை இருப்புக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும், தலையைச் செல்லாததாகக் குறிக்க வேண்டும், அதற்கு மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். பேரிங் கடிதங்கள் இவ்வளவு பெருவாரியாகப் புழங்கிய நாட்டில் ஒவ்வொன்றுக்கும் தலை ஒட்டி, மறுக்கப்பட்டவற்றை இப்படித் திருத்திக்கொண்டிருந்தால் வேலை பெருகியிருக்குமே தவிரக் கட்டுப்பாடு கூடியிருக்காது என்பது என் தீர்ப்பு. துறைக்குள் எழுதப்பட்ட காரணம் என்று இதை முன்வைக்கவில்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு.

#9 தேன்மொழி

இவ்வளவு தெளிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. மலாயா பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். நீரிணைக் குடியேற்றங்களும் கூட்டு மலாய் மாநிலங்களும் 1924இல் தனித்தனியே நிலுவைத் தலைகளைத் தொடங்கின. 1936இல் மலாயா அஞ்சல் ஒன்றியத்தின் பெயரில் பொதுத் தலைகள் வந்தன. ஆயினும் திரெங்கானு 1937இலும் ஜொகூர் 1938இலும் தங்கள் பெயரிலேயே வெளியிட்டன. வசூலித்த பணம் வசூலித்தவருக்கே என்ற கோட்பாட்டை ஐயா சொன்னபோது இந்த இரண்டு மாநிலங்களும் என் நினைவுக்கு வந்தன.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது, கையில் கிடைத்த நிலுவைத் தலைகளின் மேலும் தங்கள் முத்திரையை அடித்துப் பயன்படுத்தினார்கள். ஆட்சி முற்றிலும் மாறிய பின்னும், கட்டணம் குறைந்த கடிதத்துக்குத் தலை ஒட்டிக் கணக்கு வைக்கும் அலுவலகப் பழக்கம் மாறவில்லை.

உறைப்பெட்டி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்களிலும் துறைமுகத்திலும் வேலை செய்த நம்மவர்களின் கடிதங்களில் இப்படி நிலுவைத் தலையோடு தப்பிப் பிழைத்தவை குறைவு. தலையை மட்டும் நீரில் நனைத்துப் பிரித்தெடுத்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கத்தால் எத்தனையோ உறைகள் அழிந்துவிட்டன. நிலுவைத் தலையைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. ‘டி’ முத்திரை, குறைவாக ஒட்டிய மூலத் தலை, அலுவலகம் எழுதிய தொகை, சேர்ந்த நாள் ஆகிய நான்கும் உறையில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் 8 சென்ட் என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்றே தெரியாது.

#10 உறைப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு உறைகளையும் பிரிக்காமல் ஒரே தாளில் அடுத்தடுத்து வைக்கப் போகிறேன். பினாங்குக்குப் போன உறையின் கீழ், அனுப்பிய இடத்தில் அடித்த ‘டி’ பற்றியும் சேர்ந்த இடத்தில் ஒட்டிய தலையைப் பற்றியும் தனித்தனியே குறிப்பு எழுதுவேன். இராமநாதபுரத்துக்கு வந்த உறையின் கீழ் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சுருக்கமாகத் தருவேன். பென்சில் சுழிப்பை இதுவரை யாரோ வியாபாரியின் விலைக்குறிப்பு என்றே எண்ணியிருந்தவர்கள் என் நண்பர்களில் பலர். கணக்குப்பிரிவு ஐயா சொன்ன புத்தக முறையை வைத்துப் பார்த்தால், அது வசூல் பதிவான அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால் அதை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

இலங்கையைப் பற்றி இன்னும் பேசவில்லை. மலாயாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கட்டணம் குறைவாக இலங்கைக்குப் போன உறைகள் யாரிடமாவது இருந்தால், முகப்பையும் பின்புறத்தையும் சேர்த்துப் படமெடுத்து இங்கே பதிவிடுங்கள். நிலுவை முத்திரையின் வடிவமும் சேர்ந்த நாளும் தெரியும்படி இருந்தால் நலம்.